காசு வெட்டியவர் கொடுத்த வாக்குமூலம்

போன வாரம் சிவாஜிநகர் பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் பேப்பரை மடித்து என் பக்கம் நீட்டினார். ஏதோ ஒரு கொலைக் கேஸ். "பாருங்க சார், அவனே ஒத்துக்கிட்டானாம். அப்புறம் எதுக்கு இத்தனை சாட்சி, இத்தனை விசாரணை? வீண் செலவு" என்றார்.

தலையாட்டி வைத்தேன். பஸ்ஸில் சட்டம் பேசினால் இறங்க வேண்டிய ஸ்டாப் தப்பிவிடும். தவிர, ஒரு காலத்தில் நானும் அவர் கட்சிதான்... பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், பெங்களூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தபோது.

எங்கள் மாஜிஸ்திரேட் கன்னடக்காரர். தமிழ் பேசுவார், எழுத வராது. தமிழ் ஆட்கள் கொடுக்கும் வாக்குமூலத்தை எழுதுவது என் வேலை.

ஒரு நாள் போலீஸ் கொண்டுவந்து நிறுத்தியது முனுசாமி என்பவரை. ஸ்ரீராம்புரத்துக்காரர், கல் கொத்துகிற தொழில். அவருடைய தம்பி ஏழுமலை கல் குவாரிப் பள்ளத்தில் மண்டை உடைந்து செத்துக் கிடந்தான். சேதி வந்ததும் முனுசாமி தெருவிலேயே உட்கார்ந்து, "நான்தான் கொன்னேன், என் தம்பியை நான்தான் கொன்னேன்" என்று அழுதிருக்கிறார். காதால் கேட்டவர்கள் மூன்று பேர்.

அண்ணன் தம்பி பகை தெருவுக்கே தெரியும். முனுசாமியின் மகளைப் பற்றித் தம்பி அபாண்டமாக ஏதோ பேசி, நிச்சயம் பண்ணின கல்யாணம் நின்றுபோயிருந்தது. போலீஸ் போய்க் கேட்டதும் அம்மன் கோயில் பின்னால் புதைத்து வைத்திருந்த உளியை அவரே தோண்டி எடுத்துக் கொடுத்தார். உளி முனையில் சிவப்புக் கறை. "இதுதானா?" என்றார்கள். "இதுதான்" என்றார். அதோடு கேள்வியை நிறுத்திவிட்டார்கள்.

இதற்கு மேல் என்ன வேண்டும்? பகை இருக்கிறது, ஆயுதம் இருக்கிறது, கறை இருக்கிறது. ஒரே குறை — போலீஸிடம் ஒத்துக்கொண்டது கோர்ட்டில் செல்லாது. மாஜிஸ்திரேட் முன்னால் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால்... கயிறுதான்.

மாஜிஸ்திரேட் விலங்கைக் கழற்றச் சொன்னார். போலீஸ்காரர்களை வெளியே அனுப்பினார். "நீ சொல்லியே ஆகணும்னு இல்லப்பா. சொன்னா உனக்கே எதிரா நிக்கும். சொல்ப, கொஞ்சம் யோசிச்சுக்கோ" என்று ஒரு நாள் அவகாசம் கொடுத்து ஜெயிலுக்கு அனுப்பினார்.

மறுநாள் மத்தியானம் ஊசித் தூறல். நம் பெங்களூரின் கார்த்திகை மாசத்து மத்தியானத்துக்கு ஒரு மயக்கம் உண்டு. மணி மூன்றா, விடிகாலையா என்று தெரியாது. ஜன்னலுக்கு வெளியே மரங்களெல்லாம் பனிப்புகையில் கரைந்துகொண்டிருந்தன. முனுசாமி தூக்கத்தில் நடக்கிறவர் மாதிரி வந்து நின்றார்.

"யோசிச்சியா?"

"யோசிச்சேன் சாமி."

"போலீஸ் அடிச்சாங்களா? ஏதாவது ஆசை காட்டினாங்களா?"

"இல்லீங்க."

"சரி, சொல்லு."

"என் தம்பியை நான்தான் கொன்னேன் சாமி."

எழுதினேன். தற்பெருமை இல்லை, என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்த ஒரு வரியே போதும் என்று பட்டது. கைநாட்டு வாங்க மைப் பெட்டியைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தியும்விட்டேன்.

மாஜிஸ்திரேட் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "ஹேகப்பா? எப்படிக் கொன்னே?"

முனுசாமி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மன் கோயில் வாசல்ல சாமி. காசு வெட்டிப் போட்டேன்."

மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன். அநியாயம் செய்தவனைக் கேட்க நாதியில்லை என்றால், அம்மன் முன்னால் ஒரு காசை இரண்டாக வெட்டிப் போட்டு, அவள் பொறுப்பில் விட்டுவிடுவது எங்கள் ஆட்களிடம் உள்ள வழக்கம். அதற்குப் பிறகு அது அவள் வழக்கு.

"உளியை வெச்சு ஒரே போடு. காசு ரெண்டாச்சு. உளிக்கும் காசுக்கும் குங்குமம் தடவி, 'என் பொண்ணை அழ வெச்சவன் மூணு வெள்ளிக்கிழமை தாண்டக் கூடாது'ன்னு கேட்டேன். ரெண்டாவது வெள்ளியே எடுத்துக்கிட்டா சாமி. நான் இடுப்புல தூக்கி வளர்த்த பிள்ளை..."

"அன்னிக்கு நீ குவாரிக்குப் போனியா?"

"போகல. பொண்ணுக்குக் காய்ச்சல். பக்கத்துலயே உக்காந்திருந்தேன்."

"உளியை ஏன் புதைச்சே?"

"அதுல திரும்பக் கல் கொத்த மனசு வரல."

"தம்பி மேல கை வெச்சியா?"

"நான் எதுக்கு சாமி கை வைக்கணும்? அதான் அவகிட்ட சொல்லிட்டேனே."

மழை ஓட்டில் விழுகிற சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்கிற மாதிரி இருந்தது. மைப் பெட்டியை என் பக்கமே இழுத்துக்கொண்டேன். எழுதினேன், எழுதினேன்... நாலு தாள் வந்தது. பிறகு ரிப்போர்ட்டுகள் வந்தன. கறை குங்குமம்தான். காயம் உளியால் பட்டதில்லை, ஈரப் பாறையில் வழுக்கி விழுந்ததில் பட்டது என்றார் டாக்டர். முனுசாமியை விட்டுவிட்டார்கள்.

அவர் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. சாட்சிகளும் சொல்லவில்லை. உளி பொய் சொல்லுமா? எல்லாம் உண்மை. அத்தனை உண்மையும் சேர்ந்து, ஒரு நிரபராதியைத் தூக்குமேடைக்கு முக்கால் தூரம் கொண்டுபோய்விட்டன. பாக்கிக் கால் தூரத்துக்கு மைப் பெட்டியோடு நின்றவன் நான். வெட்கமாகத்தான் இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

விடுதலையாகி ஒரு வாரம் கழித்து முனுசாமி கோர்ட்டுக்கு வந்தார். உத்தரவின் நகல் வேண்டுமாம். எடுத்துக் கொடுத்தேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாது சார். நீங்க வந்து படிச்சுக் காட்டணும்."

"வீட்டுலயா?"

"கோயில்ல. கோர்ட்டுல என்னை விட்டுட்டாங்கன்னு அவளுக்குத் தெரிய வேணாமா?"

மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை செருப்பைக் கழற்றிவிட்டு, அம்மன் முன்னால் நின்று, இங்கிலீஷ் உத்தரவை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். முத்திரையைக்கூடத் தூக்கிக் காட்டினேன். முனுசாமி கும்பிட்ட கையை இறக்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து என் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணுமே சொல்லலையே சார்?"

கீழ்க்கோர்ட்டில் விட்டாயிற்று. மேல்கோர்ட்தான் வாயே திறக்கவில்லை.