மெதுவாவின் மணல் வாளி

என் தங்கை புருஷனுக்குத் தெரு வைத்த பெயர் மெதுவா. யார் எதைத் தொட்டாலும் "மெதுவா, மெதுவா" என்று பதறுவான், அதனால் வந்த பெயர். பழைய லேப்டாப்புகளைப் பழுது பார்ப்பது அவன் தொழில். கடை ஒன்றுதான். வாசல் பக்கம் என் ஜெராக்ஸ் மெஷின், நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, அதற்குப் பின்னால் அவன் மேஜை.

இப்படி ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. ஒருவழிப் பாதையைக் கடக்கும்போதும் இரண்டு பக்கமும் பார்ப்பான். முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, தலைக்கு மேல் ஃபேன் லேசாக ஆடுகிறது என்று நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தவன். ஒரு லேப்டாப்பைத் திறப்பதற்குள் அவன் செய்யும் சடங்குகளைப் பார்த்தால் பத்திக்கொண்டு வரும். பிளக்கைப் பிடுங்குவான். பிடுங்கிய பிளக்கை இன்னொரு முறை தொட்டுப் பார்ப்பான். கழற்றும் ஸ்க்ரூவையெல்லாம் ஒரு வெள்ளைத் தாளில் மெஷினின் படம் வரைந்து, எது எங்கே இருந்ததோ அங்கேயே வைப்பான். மேஜைக்குக் கீழே ஒரு இரும்பு வாளி நிறைய மணல் வேறு. "எதுக்கு மாப்ள இது, வீடு கட்டப் போறியா?" என்று நான் கேட்காத வாரம் கிடையாது. அவன் சிரிப்பதோடு சரி.

அந்த வாளிக்கு ஒரு நாள் வேலை வந்தது.

காலையில் கடை திறந்த கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மா வந்தார். கூடவே நெடுநெடுவென்று ஒரு மனிதர், கழுத்தைச் சுற்றித் துணி. அவரைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது. காய்கறி மண்டியில் ஏலம் கூவுகிறவர். நாலு தெரு தள்ளி வீட்டுக்குள் படுத்திருப்பவனையும் எழுப்பிவிடும் குரல் அவருக்கு. தொண்டையில் புற்று வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதன்பிறகு நேரில் பார்ப்பது அன்றைக்குத்தான்.

அந்த அம்மா கையில் ஒரு பழைய லேப்டாப். மூடி சரியாக மூடாமல், குறுக்கே நாடா போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்.

"மூடவே மாட்டேங்குது தம்பி. ராத்திரி பூரா இஸ்திரிப் பெட்டியை மேல வச்சு அமுக்கிப் பார்த்தேன்" என்றார்.

மெதுவா நாடாவை அவிழ்த்தான். கீபோர்டு நடுவில் மேடு தட்டியிருந்தது. அவன் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, கையை எடுங்க. மெதுவா. அப்படியே பின்னாடி போங்க."

"என்ன தம்பி?"

"பேட்டரி உள்ளுக்குள்ள உப்பிப் போயிருக்கு. நீங்க அமுக்கினது அதைத்தான். அது கிழிஞ்சா தீப்பிடிக்கும்."

அந்த அம்மாவுக்குத் தீ பெரிதாகப் படவில்லை. "அது போகட்டும் தம்பி. அவர் குரல் உள்ள இருக்கு" என்றார்.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. ஆபரேஷனுக்கு முந்தின நாட்களில், ஆஸ்பத்திரியில் சொன்னார்கள் என்று, ஏலக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு தன் குரலிலேயே சின்னச் சின்ன வாக்கியங்களைப் பதிந்து வைத்திருக்கிறார். திரையில் பெட்டி பெட்டியாக இருக்கும். ஒரு பெட்டியை அழுத்தினால் அந்த வாக்கியம் அவர் குரலில் கேட்கும். பேச்சு என்று இனிமேல் அவருக்கு இருப்பது அவ்வளவுதான்.

"எழுதிக் காட்டலாமேம்மா" என்றேன் நான், சும்மா இருக்க முடியாமல்.

"காட்டுவாரு. எழுதினா யாரோ எழுதின மாதிரி இருக்கு."

"வேற எதுலயாவது எடுத்து வச்சிருக்கீங்களா அக்கா? பென் டிரைவ், போன்?"

"இல்ல தம்பி. எதையாவது செருகினா வைரஸ் வந்துடும்னு மேல்வீட்டுக்காரர் சொன்னாரு. பயந்துக்கிட்டு எதையும் செருக விடல. அணைச்சா திரும்ப வருமோ வராதோன்னு அணைக்கவும் இல்ல. ராப்பகலா சார்ஜ்லயேதான் கிடக்கும்."

பேட்டரி உப்பியது அதனால்தான் என்று மெதுவா வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பார். ஏலக்காரர் என் மேஜையிலிருந்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்தார். ரொம்ப நேரம் பேனாவைத் தாள் மேல் பிடித்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் எழுதாமல் இரண்டையும் திருப்பி வைத்துவிட்டார்.

மெதுவா எங்கள் மூவரையும் வாசலுக்கு அனுப்பினான். நான் போகவில்லை. தடுப்போரமாக நின்றுகொண்டேன். அடி மூடியைக் கழற்றினான். வெள்ளித் தாளில் சுற்றிய தலையணை மாதிரி பேட்டரி உப்பிக் கிடந்தது. மெயின் போர்டுக்குப் போகும் அதன் வயரை முதலில் உருவினான். அடிப்பக்கம் பசை. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் ஒரு நொடி வேலை. அவன் நெம்பவில்லை. ஒரு நைலான் நூலை அடியில் கொடுத்து, இரண்டு முனையையும் பிடித்து இப்படியும் அப்படியும் இழுத்து, பசையை அறுக்க ஆரம்பித்தான். அவன் நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு வந்தது. துடைக்கக் கையை எடுக்க முடியாது. நான்தான் போய்த் துண்டால் ஒற்றிவிட்டேன்.

பாதி அறுந்தபோது ஒரு வாசனை வந்தது. தித்திப்பாக, நகப்பாலிஷ் பாட்டிலைத் திறந்த மாதிரி.

"மச்சான், கசியுது. அந்த வாளியை இழுங்க. மெதுவா."

சொல்ல எனக்கு வெட்கம்தான், அன்றைக்கு அந்த வார்த்தையை நான் கிண்டல் செய்யவில்லை. வாளியை இழுத்தேன். அவன் மீதிப் பசையையும் அறுத்துவிட்டு, பேட்டரியை இரண்டு கையாலும் தூக்கி மணலுக்குள் வைத்து, மேலேயும் மணலைப் போட்டான். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு, ஓடாமல், ஒவ்வொரு அடியாகக் கடைக்குப் பின்னாலிருந்த காலி மனைக்குப் போனான். நட்ட நடுவில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தான். வந்ததும் குடத்துத் தண்ணீரை அப்படியே வாயில் கவிழ்த்துக்கொண்டான்.

கதை முடிந்தது என்று நினைத்தேன். சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் செய்தான். திரையில் வெளிச்சம் வரவில்லை. உள்ளேயிருந்து ஒரு சத்தம் மட்டும் வந்தது. டிக். டிக். டிக்.

வயரை வெடுக்கென்று பிடுங்கினான்.

"என்ன ஆச்சு?" என்று அந்த அம்மா உள்ளே வந்துவிட்டார்.

"ஹார்டு டிஸ்க் அடி வாங்கியிருக்கு அக்கா. குரலெல்லாம் அதுக்குள்ளதான்."

"இன்னொரு தடவை போட்டுப் பாரு தம்பி. சில நேரம் வந்துடும்."

"ஆமா மாப்ள, ஒரே ஒரு தடவை" என்றேன் நானும்.

"போட மாட்டேன்!" என்று கத்தினான் மெதுவா. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "அந்தச் சத்தம் வர வர உள்ள இருக்கறது அழிஞ்சுக்கிட்டே போகும். போட்டுப் பார்க்கிறதுதான் அதைக் கொல்றது. அதுக்கு இன்னும் எத்தனை மூச்சு இருக்குன்னு எனக்குத் தெரியாது. அதைச் சும்மா பார்க்கிறதுக்குச் செலவு பண்ண மாட்டேன்."

டிஸ்க்கைத் தனியாகக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டினான். அதில் எதையும் எழுதாமல், படிக்க மட்டும் செய்து நகல் எடுப்பது அவன் வழி. நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களைத் தாண்டிப் போய், கடைசியில் அவற்றுக்குத் திரும்பி வருவான். சூடானால் நிறுத்துவான். மேஜை ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்து, ஆறட்டும் என்று உட்கார்ந்திருப்பான். திரையில் ஒரு பச்சைக் கோடு நகரும். நகரும், அப்படியே நின்றுவிடும். அது நிற்கும் போதெல்லாம் எங்கள் நாலு பேருக்கும் மூச்சு நின்றது. மதியச் சாப்பாட்டை யாரும் நினைக்கவில்லை. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களை மெஷின் ரிப்பேர் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். ஏலக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து கைகளை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டிருந்தார். நடுவில் இன்னொரு முறை பேனாவை எடுத்தார். மறுபடியும் எழுதவில்லை.

வெயில் இறங்கும் நேரத்தில் டிஸ்க் கடைசியாக ஒருமுறை டிக் என்றது. அதோடு அது ஓய்ந்துவிட்டது. மெதுவா நகலைத் திறந்தான்.

"பெரும்பாலும் வந்துடுச்சு அக்கா. ஒண்ணு ரெண்டு போயிருக்கு. கேட்டுப் பார்த்துடட்டுமா?"

அழுத்தினான்.

"அந்த டிவியை அணைச்சுத் தொலை!"

மண்டியே எழுந்து வந்து கடைக்குள் நின்ற மாதிரி இருந்தது. அந்த அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார், சிரித்தார். "தண்ணி குடு." "வலி இல்ல, போய்ப் படு." "சில்லறை இருந்தா வா, இல்லன்னா நடையைக் கட்டு." ஒன்று வரவில்லை. அந்தப் பெட்டியின் பெயரைப் பார்த்துவிட்டு அந்த அம்மா, "அது என்னைத் திட்டுறது. போனா போகுது, வாங்கிக் கட்டிக்கிட்டது போதும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஏலக்காரர் சிரிக்கவில்லை.

மெதுவா எல்லாவற்றையும் இரண்டு பென் டிரைவில் ஏற்றினான். தன்னிடமிருந்த வேறொரு லேப்டாப்பிலும் அதே பெட்டிகளை வரவழைத்து அவர் முன்னால் வைத்தான். "இப்ப நீங்களே அமுக்கிப் பாருங்கண்ணே."

ஏதாவது ஏலக் கூவலாக இருக்கும், சிரிக்கலாம் என்று காத்திருந்தேன். அவர் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனார். கடைசிப் பக்கம். அதில் ஒரே ஒரு பெட்டி. பெயர் கிடையாது. அழுத்தினார்.

"பயமா இருக்கு."

அவர் குரல்தான். ஆனால் அவ்வளவு சின்னதாக அந்தக் குரலை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"என்னங்க…" என்றார் அந்த அம்மா. "இது எப்பங்க பேசி வச்சீங்க? ஒருநாள்கூட இதை அமுக்கினதில்லையே?"

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது அது ஒன்றுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதைச் சொல்கிற லேப்டாப் மேஜை மேல் செத்துக் கிடந்தது.

வாய் கிழியப் பேசுகிறவன் நான், ஜெராக்ஸ் மெஷின் மேல் கிடந்த தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். மெதுவாதான் ஸ்டூலை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். தன் வலது கையை அவருக்கு நீட்டிக் காட்டினான். விரல்கள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன.

"எனக்கும்தாண்ணே. காலையிலேர்ந்து" என்றான்.

ஏலக்காரர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையால் அதே பெட்டியை மறுபடியும் அழுத்தினார். அந்த அம்மா போய் அவர் தோளோடு தோளாக நின்றார். அவர் மறுபடியும் அழுத்தினார். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

நான் பின்வாசல் வழியாகப் போய் மணல் வாளியைப் பார்த்தேன். அது பாட்டுக்குச் சும்மாதான் இருந்தது. இருந்தாலும் இன்னும் இரண்டு கை மணலை அள்ளிப் போட்டுவிட்டு வந்தேன்.