ஆமைப் படக்காரர்

நான் வேலை பார்க்கும் கிரிப்டோ என்ற இணையப் பணக் கம்பெனியில் யாருக்கும் பெயரோ முகமோ கிடையாது, ஆளுக்கொரு படம்தான். என் படம் முருங்கைக்காய். வீட்டிலிருந்து நான் எழுதும் புரோகிராமைச் சரிபார்ப்பவரின் படம் ஆமை. இரண்டு வருடமாக என் உயிரை வாங்கிய ஆமை. புரோகிராமை இணையத்தில் ஏற்றிவிட்டால் பிறகு மாற்ற முடியாது என்பதால், எதை அனுப்பினாலும் "இன்னொரு முறை பார்க்கவும்" என்று ஆங்கிலத்தில் எழுதித் திருப்பிவிடுவார்.

போன மாதம் பராமரிப்புக்காகக் காரைக்குடியில் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் உள்ள ஓட்டலுக்கு லேப்டாப்போடு போனேன். எதிர் மேசையில் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையும் கைலியுமாக, என் வயதில் ஒருவர், முன்னால் ஒரு லேப்டாப். "அண்ணே, இன்னொருக்கச் சொல்லுங்க, என்ன கொண்டு வாரீக?" என்று சர்வரிடம் வெள்ளைப் பணியாரத்தை மூன்றாம் தடவை உறுதி செய்துகொண்டிருந்தார். எனக்குச் சந்தேகம் தட்டியது. எட்டிப் பார்த்தேன். அவர் திரையில் என் புரோகிராம், மூலையில் ஆமை.

"அந்த முருங்கைக்காய் நான்தாங்க" என்றேன்.

"முருங்கைக்காயா? பச்சைப் பாம்புன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அப்போதுதான் வந்த பணியாரத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"இன்னைக்காச்சும் விட்டுருங்க. சாயங்காலத்துக்குள்ள ஏத்தலைன்னா என் வேலைக்கே ஆபத்து."

"சாப்பிடுங்க" என்றவர், எதிரிலேயே இருந்துகொண்டு வாயால் சொல்லாமல் லேப்டாப்பில் தட்டினார். என் திரையில் வந்தது: "இன்னொரு முறை பார்க்கவும்."

கடுப்போடு பார்த்தேன். பணம் அனுப்புபவர் இருக்க வேண்டிய இடத்தில் பெறுபவரைப் போட்டிருந்தேன். திருத்தினேன். சாயங்காலத்துக்குள் ஏறிவிட்டது.

அவர் பெயரை நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அடுத்த மின்தடை எந்தத் தேதி என்று மட்டும் தினமும் பேப்பரில் பார்க்கிறேன்.