பச்சை நைட்டி

செத்துப்போன என் தோழியின் குரல் என் கைப்பேசியில் இருந்தது. அவள் எப்படிச் செத்தாள் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அதுதான். முதலில் அதை வைத்து நடிகையானேன். பிறகு அதை அழித்தேன். தெரிந்தே அழித்தேன்!

என்னை உங்களுக்குத் தெரியும். இப்போது நான் நடிக்கும் தொடர்களை விடுங்கள். அதற்கு முன்பு, ஒரு குற்றத் தொடரில், ஒரே ஒரு வாரத்துக்கு வந்து செத்துப்போகும் மனைவியாக நடித்தேனே... கோழிப் பண்ணையில், தீவன மூட்டைக்குப் பின்னால், பச்சை நைட்டியோடு ஒளிந்துகொண்டு கிசுகிசுப்பேனே... அந்தத் துண்டு இன்றைக்கும் உங்கள் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. "நடிப்புன்னா இதுதான்" என்று கீழே எழுதுகிறீர்கள்.

அது நடிப்பே இல்லை. திருட்டு.

கோகிலா என்னோடு சேலத்தில் கல்லூரியில் படித்தவள். மூன்று வருடம் ஒரே பெஞ்சு. மோகனூர்ப் பக்கம் கரும்புக் காட்டில் கூலிக்குப் போகும் அம்மாவுக்கு ஒற்றைப் பெண், அப்பா இல்லை. நானோ அஸ்தம்பட்டிக்காரி, ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகும் கத்தோலிக்க வீட்டுப் பெண். என் டிபன் பாக்ஸ் மீன் குழம்பை அவள்தான் காலி செய்வாள். "உங்கூட்டுச் சாமி நல்லாச் சமைக்குதுடி" என்பாள், என் அம்மாவை! வாயாடி. அப்படி ஒரு வாயாடியை நான் பிறகு பார்க்கவில்லை.

படிப்பு முடிந்ததும் சேந்தமங்கலம் பக்கம் முட்டைக் கோழிப் பண்ணை வைத்திருக்கும் வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். பெரிய இடம். எல்லோரும் வாயைப் பிளந்தோம். ஒரு வருடத்துக்குள் அவள் பேச்சு குறைந்தது, போன் குறைந்தது, பிறகு ஒரு நாள் அந்தக் குரல் பதிவு வந்தது. சொல் மாறாமல் எழுதுகிறேன். மறக்க முடிந்தால்தானே மாறும்!

"ஸ்டெல்லா... பண்ணைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டுப் பேசறன்டி. அவன் பைக்குச் சத்தம் கேட்டாலே இங்க ஓடியாந்தர்றேன். நாலு நாளா இந்தப் பச்சை நைட்டிய மாத்தவே இல்ல. வேற கலரக் கண்டா கோழி மெரண்டு கத்துதுடி. கத்துச்சுன்னா அவனுக்குத் தெரிஞ்சு போயிரும். கோழிக்கு என்னையத் தெரியுது. இந்த ஊட்டுல வேற யாருக்கும் தெரியல. அம்மாகிட்ட மட்டும் சொல்லிராத. அது ஒத்தைல கெடக்குது, தாங்காது."

நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஞாயித்துக்கிழமை வாரேன்டி" என்று அனுப்பினேன். அவள் பேசுவதுபோலவே 'வாரேன்' போட்டேன், அவளைச் சிரிக்கவைக்க. ஞாயிறு வந்தது. கோவிலுக்குப் போனேன், பிரியாணி சாப்பிட்டேன், தூங்கினேன். சேந்தமங்கலம் போகவில்லை.

புதன்கிழமை கோகிலாவைக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். பச்சை நைட்டியோடு.

சாவு வீட்டில் அவள் மாமியார் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "புத்தி பெரண்டு போச்சுங்க. குளிக்காம கொள்ளாம, ஒரே நைட்டியோட பண்ணைக்குள்ளயே திரிஞ்சா. இப்படிப் பண்ணுவாள்னு யாருங்க கண்டா?" என் கைப்பை என் மடியில் இருந்தது. அதற்குள் கைப்பேசி, அதற்குள் கோகிலா. நான் எழுந்து நின்று ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்... பேசவில்லை. நமக்கு எதற்கு வம்பு என்று நினைத்தேன். அப்போது அவ்வளவுதான் நினைத்தேன், சத்தியமாக.

அடுத்த மாதம் சென்னையில் அந்தத் தொடருக்கு ஆள் எடுத்தார்கள். கணவனுக்குப் பயந்து சமையலறையில் ஒளியும் மனைவி. இரண்டு முறை செய்து காட்டினேன். "பயம் வரலம்மா, பள்ளிக்கூட நாடகம் மாதிரி இருக்கு" என்றார் இயக்குநர். கழிப்பறைக்குப் போய்வருகிறேன் என்றேன். கதவைத் தாழிட்டேன். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கோகிலாவைக் கேட்டேன். ஒரு முறை... இரண்டு முறை... மூச்சு எங்கே நிற்கிறது, எந்தச் சொல்லில் தொண்டை அடைக்கிறது என்று பாடம் படித்தேன்! அழவில்லை. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். எனக்கு அழுகை வரவில்லை.

திரும்பி வந்து அவளாகவே பேசினேன். "எங்கேம்மா புடிச்ச இத?" என்றார் இயக்குநர். "சும்மா, தோணுச்சு சார்" என்றேன். சமையலறையைக் கோழிப் பண்ணையாக மாற்றினார்கள். நைட்டி பச்சையாகத்தான் இருக்கவேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிப் போட்டுக்கொண்டவளும் நான்தான். படப்பிடிப்பில் கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டேன், அம்மாவைப் பற்றிய வரியை. ஏதோ கொஞ்சம் மனசாட்சி மிச்சம் இருந்ததுபோல!

ஒளிபரப்பாகி மூன்றாம் நாள் காலையில் கோகிலாவின் அம்மா வந்து எங்கள் அஸ்தம்பட்டி வீட்டு வாசலில் நின்றார். மோகனூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, விலாசம் கேட்டுக் கேட்டு வந்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"பக்கத்தூட்டு டீவில பாத்தேன் சாமி. அந்த நைட்டி... கோழி மெரளும்னு மாத்தலைன்னு சொன்னியே. எம் புள்ள உங்கிட்டச் சொல்லுச்சா?"

"இல்லீங்கம்மா. டைரக்டர் எழுதிக் குடுத்தது."

"மருமவன் மேல போட்ட கேசுல, கோர்ட்ல எம் புள்ளையப் பைத்தியம்ங்கறாங்க சாமி. ஒரே நைட்டியோட திரிஞ்சாளாம், அதான் ருசுவாம். அவ போனும் கெடைக்கல. பயந்துக்கிட்டுத்தான் ஒளிஞ்சான்னு ஒருத்தர் வாயால வந்தாப் போதும்னு வக்கீல் சொல்றாரு. எதாச்சும் சொல்லியிருந்தா சொல்லு கண்ணு."

கேட்டீர்களா? அவர் கேட்டது ஒரே ஒரு உண்மை. எனக்கு அப்போது ஒரு பெரிய தொடரில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. 'கற்பனை வளம் மிக்க புதுமுகம்' என்று எழுதியிருந்தார்கள். செத்தவளின் குரலைக் கேட்டு ஒப்பித்தவள் என்று தெரிந்தால்? அவள் சாவதற்கு முன்பே தெரிந்தும் போகாதவள் என்று தெரிந்தால்? "தெரியாதுங்கம்மா" என்றேன்.

அவர் டம்ளரை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "சரி, டைரக்டர் எழுதுனதாவே இருக்கட்டும். ஒருக்கா பேசிக் காட்டு சாமி. அப்படியே எம் புள்ள பேசறாப்பலயே இருந்துச்சு" என்றார்.

பேசிக் காட்டினேன். எங்கள் வீட்டுக் கூடத்தில், சேசுவின் படத்துக்குக் கீழே நின்று, அந்தத் தாய்க்கு நடித்துக் காட்டினேன்! நன்றாகவே வந்தது. அந்த வேகத்தில் நாக்கு நிற்கவில்லை... "அம்மாகிட்ட மட்டும் சொல்லிராத. அது ஒத்தைல கெடக்குது, தாங்காது" என்று முடித்துவிட்டேன்.

அவர் கையிலிருந்த தண்ணீர் புடவையில் சிந்தியது.

"இது டீவில வரலியே சாமி."

"வெட்டிட்டாங்கம்மா... நேரம் பத்தலைன்னு."

என் முகத்தையே பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் அது தெரிந்தது. கத்துவார், என்னை அறைவார் என்று காத்திருந்தேன். அறைந்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ! அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "திங்கக்கிழமை நாமக்கல்ல கேஸ் இருக்கு. மனசு வந்தா வா சாமி" என்று சொல்லிப் படியிறங்கினார்.

அவர் தெருமுனை தாண்டும்வரை ஜன்னலில் நின்று பார்த்தேன். பிறகு உட்கார்ந்து அந்தப் பதிவை அழித்தேன். நிச்சயமாக அழிக்கவா என்று கைப்பேசி கேட்டது. ஆம் என்று தொட்டேன். திங்கட்கிழமை நான் எங்கும் போகவில்லை.

கோகிலாவின் கணவன் விடுதலையானான். வேறு கல்யாணம் செய்துகொண்டான். அதே பண்ணை, அதே வீடு. புதுப் பெண்ணுக்குக் கோழிகள் பழக்கமாகியிருக்குமா என்று சில சமயம் நினைப்பு வரும். உடனே எதையாவது போட்டு அதை மூடிவிடுவேன்.

வருடத்துக்கு ஒரு முறை பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். பொய் சொன்னேன் சாமி, கோபப்பட்டேன் சாமி, பூசைக்குப் போகவில்லை சாமி... அந்த மர வலைக்கு அப்பால் காது வைத்திருக்கும் குருவிடம் எல்லாவற்றையும் சொல்வேன். இதைச் சொன்னதில்லை. சொன்னால் அவர் மன்னித்துவிடுவாரே! மன்னிக்கவேண்டியவர் அவரா?

கோகிலாவின் அம்மா அப்பீல் போட்டிருக்கிறார். இன்னும் நடக்கிறது. கோகிலாவின் குரல் பதிவு போய்விட்டது. ஆனால் கூண்டில் ஏறிச் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. அது அவருக்கும் தெரியும். அதனால்தான் மாதம் ஒருமுறை போன் செய்கிறார். திட்டுவதில்லை, கெஞ்சுவதில்லை. எடுத்ததும் ஒன்றே ஒன்று கேட்பார்.

"கடைசில அம்மான்னு வருமே, அத மட்டும் ஒருக்கா சொல்லு சாமி."

சொல்வேன். கோகிலாவின் மூச்சோடு, கோகிலாவின் தொண்டையோடு சொல்வேன். பிறகு மெதுவாகக் கேட்பார்: "எப்ப வாரே சாமி, சொல்றதுக்கு?"

நேற்றும் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை வாரேங்கம்மா" என்றேன்.