புருல்சாவின் நாய்ச்சட்டை வியாபாரம்

பிஷ்கெக்கின் தொர்தோய் சந்தையில் பிள்ளைத்துணி விற்கும் புருல்சாவுக்கு வாய் நீளம். ஒரு காலத்தில் பள்ளியில் வேதியியல் நடத்தியவள். அந்தச் சம்பளத்துக்குச் சாக்பீஸைத்தான் தின்ன வேண்டும் என்று உதறிவிட்டு வந்து, இரும்புக் கண்டெய்னர் கடை ஒன்றைப் பிடித்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. வரும் குளிருக்குப் பிள்ளைகள் எதைக் கேட்டு அழும் என்று முன்பே சொல்லிவிடுவாள். கரடிக்காது குல்லா என்றாள், வந்தது. மினுக்குப் பாவாடை என்றாள், அதுவும் வந்தது.

இந்த வருஷம் டைனோசர் என்றாள். வால் வைத்த, கண்ணைக் குத்தும் பச்சை உடுப்பு. முந்நூறு வாங்கி அடைத்தாள். வந்து தொலைந்ததோ பழுப்பு நிறம். போனில் படம் போடும் அம்மாக்களுக்கெல்லாம் பிள்ளை கஞ்சி நிறத்தில் இருக்க வேண்டுமாம். "பிள்ளைய வளக்கறீங்களா, மாவு மூட்டையா?" என்று முகத்துக்கு நேரே கேட்டாள். அப்புறம் யார் வருவார்கள்? ஈ ஓட்டினாள்.

எதிர்க்கடை சல்கினுக்குப் பழுப்பில் கொள்ளை வியாபாரம். ஒரு நாள் அவளே வந்து நின்றாள்.

"அக்கா, ரெண்டு கடையையும் சேத்துக்கறேன். முதல் தேதி சாவியக் குடுத்துடுங்க. வீட்ல உக்காந்து டிவி பாக்கலாம்."

"டிவி பாக்கற மூஞ்சியா இது?" என்றாள் புருல்சா. ஆனால் சரக்கு நகரவில்லை. தருகிறேன் என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. சந்தை இல்லாவிட்டால் யாரைத் திட்டுவது?

முதல் தேதிக்கு இருபது நாள் இருக்கையில் ஓர் இளம் தகப்பன் வந்தான்.

"அக்கா, நாய்ச்சட்டை இருக்கா?"

புருல்சா சிரித்துவிட்டாள். அந்த ஊர் வழக்கத்தில், பிறந்த பிள்ளையின் முதல் சட்டை அது. நெடுநாள் வாழ்ந்தவர் துணியை வெட்டி, ஓரம் மடிக்காமல் வீட்டில் தைத்து, முதலில் நாயின் கழுத்தில் கட்டி, பிறகு பிள்ளைக்குப் போடுவது. அதை எவன் விற்பான்?

"கடையில வந்து கேக்கறியே, வெக்கமா இல்ல?"

"தைக்கத் தெரிஞ்சவங்க யாருமில்லக்கா. தொண்ணூத்திமூணு வயசுக்காரரோட சட்டை மட்டும் கையில இருக்கு. நாயும் இல்ல, நாங்க ஒம்பதாவது மாடி."

புருல்சாவின் மூளை விழித்துக்கொண்டது.

"சும்மாவே தைச்சுத் தரேன். ஆனா நாப்பதாம் நாள் அதக் கழட்டினதும் பளிச்சுனு ஒண்ணு போடணுமில்ல? இந்த டைனோசர எடுத்துக்க."

"பெருசா இருக்கே."

"உன் பிள்ள வளராம அப்படியேவா இருக்கப் போவுது?"

நாய்க்கு எங்கே போவது? அந்தக் கடை வரிசையில் திரிவது மொய்னோக் என்ற தெருநாய் ஒன்றுதான். மூன்று வருஷமாக அதைத் துடைப்பத்தால் விரட்டியவள் புருல்சா. இப்போது கறி அடைத்த சூடான சம்சாவைக் கையில் வைத்துக்கொண்டு, "வாடா ராசா" என்று கொஞ்சினாள். மானம் போனது. நாய் தின்றுவிட்டுக் கழுத்தைக் காட்டியது. தகப்பன் அதைப் போனில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பினான்.

மூன்றாம் நாள் பழைய சட்டையும் கையுமாக ஜனம் வரிசையில் நின்றது. டைனோசர்கள் மளமளவென்று காலியாயின.

சல்கின் விடுவாளா? லேஸ் வைத்த பழுப்பு நாய்ச்சட்டைகளை ரெடிமேடாகத் தொங்கவிட்டாள். பெண்கள் புரட்டிப் பார்த்து முகம் சுளித்தார்கள்.

"என்னம்மா இது, ஓரத்த மடிச்சுத் தைச்சிருக்க? அடுத்த பிள்ள வர்ற வழிய அடைச்சாச்சா?"

நாயும் சல்கின் பக்கம் போகவில்லை. போன குளிரில் அதன் மேல் வெந்நீரை ஊற்றியவள் அவள்.

முதல் தேதி வந்தது. சல்கின் வாசலில் வந்து நின்று கையை நீட்டினாள்.

"வாக்குக் குடுத்தீங்க அக்கா. சாவி?"

"குடுத்தேன். இல்லேன்னா சொன்னேன்?" புருல்சா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே மோவாயால் உள்ளே காட்டினாள். மிச்சமிருந்த பச்சைக் குவியலின் மேல் மொய்னோக் படுத்திருந்தது. அதன் கழுத்தில் சாவி தொங்கியது.

"போய் வாங்கிக்க."

மொய்னோக் தலையைத் தூக்கி சல்கினைப் பார்த்து உறுமியது.