சின்ன மாமாவுக்கு ஐந்து வயது

நான் நர்சரிக்குப் போகத் தொடங்கிய வருஷத்தில் எங்கள் வீட்டில் இன்னொருவரும் நர்சரிப் பாடம் படித்தார். அவர் அம்மாவின் கடைசித் தம்பி, எனக்குச் சின்ன மாமா. நல்ல உயரம், அடர்த்தியான மீசை, உயர்தரப் பரீட்சையில் கணக்குக்கு நல்ல பெறுபேறு எல்லாம் அவருக்கு இருந்தன. சிங்களம் மட்டும் இல்லை.

நாங்கள் அப்போது உக்குவளையில் குடியிருந்தோம். அப்பா மாத்தளைக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர். தினமும் ரயிலில் போய் வருவார். அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். நான் மட்டும் இந்த ஊரில் பிறந்தவள். வீட்டில் அவர்கள் ‘வாங்கோ, போங்கோ’ என்று பேச, நான் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் போல ‘வாங்க, போங்க’ என்று பேசிக்கொண்டு திரிந்தேன். அம்மாவுக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு.

மாமா வெளிநாடு போவதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார். கொழும்பில் இருந்த ஏஜென்சிக்காரர் “அடுத்த கிழமை, அடுத்த கிழமை” என்று சொல்லிக்கொண்டே இருந்ததால் எங்களோடு தங்கிவிட்டார். அப்பா அவரைப் பொலிசுக்குக் கூட்டிப்போய்ப் பதிந்துவிட்டுத்தான் வந்தார். ஆனாலும் சண்டை நடந்துகொண்டிருந்த வடக்கிலிருந்து வந்த இளந்தாரி ஒருவன் வீட்டில் இருந்தால் யாரும் நிம்மதியாக மூச்சுவிட முடியாத காலம் அது. தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் அம்மா அடுப்பில் இருக்கும் கறியை மறந்துவிடுவார். அந்த மாதங்களில் நாங்கள் நிறையக் கருகல் கறி சாப்பிட்டோம்.

நாலு வார்த்தை சிங்களமாவது தெரிந்தால் நல்லது என்று அப்பாவுக்குத் தோன்றியது. அவரே கற்பிக்க உட்கார்ந்தார். அவர் படித்ததோ அரசாங்கச் சோதனைக்காகப் படித்த சிங்களம். ‘தங்களது மேலான கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்’ என்ற வகை வாக்கியங்கள்தாம் அவருக்குச் சரளமாக வரும். கடையில் பாண் வாங்குவதைக்கூட அவர் ஒரு விண்ணப்பம் போலத்தான் சொல்லிக்கொடுத்தார். மாமாவுக்குத் தலைவலி வந்தது. வகுப்பு ஒரு கிழமையோடு நின்றுபோனது.

அந்த இடத்தைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் நர்சரியை ஒரு முஸ்லிம் டீச்சர் தன் வீட்டு முன்னறையில் நடத்திவந்தார். தமிழ், சிங்கள, முஸ்லிம் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பாயில் உட்கார்ந்திருப்போம். டீச்சர் எதையும் இரண்டு பாஷையிலும் சொல்லிக்கொடுப்பார். அந்தத் தவணையில் எங்களுக்கு வந்த பாடம், தன்னைப் பற்றித் தானே சொல்வது. வருஷக் கடைசியில் நடக்கும் கொன்சேர்ட்டில் ஒவ்வொருவராக ஸ்டூலில் ஏறி நின்று அதைச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். பெயரைச் சொல்லும்போது நெஞ்சில் கைவைக்க வேண்டும். வயதைச் சொல்லும்போது ஐந்து விரலையும் விரிக்க வேண்டும். காலையில் பால் குடிக்கிறேன் என்னும்போது கோப்பையைத் தூக்கிக் குடிப்பதாகக் காட்ட வேண்டும். கடைசியாக, நான் நல்ல பிள்ளை என்று சொல்லி, கைகளைக் கட்டிக்கொண்டு தலையைச் சாய்த்துச் சிரிக்க வேண்டும். பிறகு குனிந்து வணக்கம்.

“வீட்டுல யாருக்காவது சொல்லிக் காட்டிப் பழகுங்க, மகள்” என்றார் டீச்சர். அம்மா சமையலில் இருந்தார், அப்பா கச்சேரியில். சும்மா இருந்தவர் மாமா ஒருவர்தான். முதல் நாள் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் தானும் கூடவே சொன்னார். மூன்றாம் நாள் நான் நாற்காலியில் இருந்தேன், அவர் பாயில் இருந்தார்.

அவரைப் போல ஒரு மாணவர் டீச்சருக்குக் கூடக் கிடைத்திருக்க மாட்டார். அழமாட்டார், பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளமாட்டார், பத்துத் தடவை சொல்லச் சொன்னாலும் சொல்வார். ‘ஹ’ என்ற எழுத்து மட்டும் அவருக்கு வரவில்லை. ஐந்து என்பதற்கு ‘பஹய்’ என்று சொல்ல வேண்டும். அவர் ‘பகாய்’ என்றார். வாயில் இருந்து காற்று வர வேண்டும் என்று டீச்சர் எங்களுக்குக் காட்டியது போல, அவருடைய வாய்க்கு முன்னால் என் உள்ளங்கையைப் பிடித்தேன்.

“காத்து வரல்ல மாமா. திருப்பிச் சொல்லுங்க.”

“சொல்லுங்கோ எண்டு சொல்லு பிள்ளை” என்று அம்மா குசினியிலிருந்து திருத்துவார்.

நான் சொல்லிக்கொடுத்ததில் ஒரு எழுத்தைக்கூட மாமா மாற்றவில்லை. என் பெயர் வரும் இடத்தில் தன் பெயரைப் போட்டுக்கொள்ள மட்டும் அனுமதித்திருந்தேன். வயதை மாற்ற அவர் ஒருமுறை கேட்டார். டீச்சர் எங்களுக்கு இருபத்திரண்டு வரை சொல்லித்தரவில்லை என்பதால் மறுத்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் எங்கள் வீடு இருந்த ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். ஆமிக்காரர் வீடு வீடாக வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்குள் நாலைந்து பேரும் அவர்களுக்கு மேலான ஒரு அதிகாரியும் வந்தார்கள். அப்பா சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட்டுக்கொண்டு ஓடிவந்து, தன் அரசாங்கச் சிங்களத்தில் ஏதோ சொல்லத் தொடங்கினார். அதிகாரி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். மாமாவைப் பார்த்தார்.

“நம மொகத்த?”

பெயர் என்ன என்கிறார். எனக்கே விளங்கியது. நான் கதவுக்குப் பின்னால் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாடம் வந்துவிட்டதே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

மாமா நிமிர்ந்து நின்றார். நெஞ்சில் கையை வைத்தார். “மகே நம” என்று தொடங்கித் தன் பெயரைப் பிழையில்லாமல் சொன்னார். அதிகாரி தலையாட்டிவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார். எப்போது வந்தாய், எதற்கு வந்தாய் என்று கேட்டிருக்க வேண்டும். அது எங்கள் பாடத்தில் இல்லை. மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை. வாய் மட்டும் தானாகத் திறந்துகொண்டது. பாடமாக்கியவர்களுக்கு நடுவில் நிறுத்தத் தெரியாது அல்லவா? அடுத்த வரி வந்தது.

“மட்ட வயச அவுருது பஹய்.”

எனக்கு வயது ஐந்து. ஐந்து விரலும் விரிந்து நின்றன. ‘ஹ’வில் காற்று நன்றாக வந்தது.

அதிகாரி மாமாவின் மீசையைப் பார்த்தார். மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு, உக்குவளையில் இருக்கிறேன் என்றார். அம்மாவிலும் அப்பாவிலும் அன்பாக இருக்கிறேன் என்றார். காலையில் பால் குடிக்கிறேன் என்று சொல்லி, இல்லாத கோப்பையைத் தூக்கிக் குடித்தார். பால் இருந்திருந்தால் முழுவதும் சட்டையில் கொட்டியிருக்கும்.

“மம ஹொந்த லமயெக்” என்று முடித்தார். நான் நல்ல பிள்ளை. கைகளைக் கட்டிக்கொண்டார். ஆனால் தலையைச் சாய்க்க மறந்துவிட்டார். நான் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டி என் தலையைச் சாய்த்துக் காட்டினேன். அவர் என்னைக் கண்டார். தானும் சாய்த்துச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்குப் பிறகு எங்கும் பார்த்ததில்லை.

கதவடியில் நின்ற இளம் ஆமிக்காரர் முதலில் வெடித்துச் சிரித்தார். பிறகு மற்றவர்கள். அதிகாரி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார், ஆனால் அவருடைய தோள் குலுங்கியது. இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்.

“மம” என்றேன் நான், முன்னால் வந்து.

அவர் என்னையும் சொல்லச் சொன்னார். நான் நாற்காலியில் ஏறி, முழுவதையும், கடைசி வணக்கம் வரை சொல்லிக் காட்டினேன். “ஹொந்தாய்” என்று என் கன்னத்தைத் தட்டினார். மாமாவின் அடையாள அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மாமாவைக் காட்டி, இவனை ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகச் சொல் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பக்கத்து ஒழுங்கையில் இருந்து இரண்டு பொடியன்களை அன்றைக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதாகப் பிறகு பேசிக்கொண்டார்கள்.

அவர்கள் போனதும் மாமா பாயில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர் மேல் கோபம்.

“கும்பிட மறந்துட்டீங்க மாமா. டீச்சர்னா ஏசுவாங்க.”

“பிழைதான் டீச்சர்” என்றார் மாமா. சிரிக்கத் தொடங்கினார். அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா அவருடைய தலையைப் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டு சத்தமாக அழுதார். ஒரு வணக்கத்தை மறந்ததற்கு இவ்வளவு அழ வேண்டுமா என்று எனக்குச் சங்கடமாகிவிட்டது. அடுத்த முறை சரியாகச் சொல்வார், அழாதீங்க என்று சொன்னேன். “அடுத்த முறை வேண்டாம் பிள்ளை” என்றார் அப்பா.

திங்கட்கிழமை அம்மா வழக்கத்துக்கு மாறாகத் தானே என்னை நர்சரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். போகிற வழியில் கடையில் நல்ல பெரிய சீப்பு ஒன்றாகப் பார்த்துக் கோழிக்கூட்டு வாழைப்பழம் வாங்கினார். வாசலில் வைத்து அதை டீச்சரின் கையில் கொடுத்தார்.

“இது என்னத்துக்கும்மா?” என்றார் டீச்சர்.

அம்மா டீச்சரின் இரண்டு கைகளையும் பழத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். சனிக்கிழமைச் சங்கதி டீச்சரின் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும். அவர் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் இருவரையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு மனசு சரியில்லை. மாமாவுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது நான். பழம் மட்டும் ஏன் டீச்சருக்குப் போகிறது?