டிராக்டர் சாவி யார் கையில்

என் கொழுந்தனாரின் மனைவி மேல் எனக்குப் பொறாமை உண்டு. மூடி மறைத்து என்ன ஆகப் போகிறது? அவள் நிறத்தின் மேலோ நகையின் மேலோ இல்லை, அதெல்லாம் எனக்கும் ஏதோ இருக்கிறது. அவள் டிராக்டர் சாவியை என் வீட்டுக்காரரின் உள்ளங்கையில் வைப்பாள். என் வயிற்றெரிச்சல் அதுதான்.

மாரமங்கலத்தில் அண்ணன் தம்பி இருவருக்கும் அடுத்தடுத்துக் காப்பித் தோட்டம். எங்கள் வீடு மேட்டில், அவர்கள் வீடு அதற்குக் கீழே. இருவரும் சேர்ந்து ஒரு மினி டிராக்டர் வாங்கினார்கள். அதன் பின்புறம் மாட்டிக்கொள்ள ஒரு பேக்ஹோவும் வாங்கினார்கள். மண் தோண்டும் நீளமான இரும்புக் கை, நுனியில் பல் வைத்த வாளி, ஓட்டுகிறவர் பின்பக்கம் பார்த்து உட்கார ஒரு சீட்டு, சில லீவர்கள், தரையில் ஊன்றிக்கொள்ள இரண்டு பக்கமும் முட்டுக்கால். மழையில் பாதைமேல் சரிந்த மண்ணை அள்ளவும், செடிகளுக்கு நடுவே தண்ணீர் நிற்கக் குழி வெட்டவும் அது இல்லாமல் எங்களுக்கு ஆகாது. ஆனால் பழம் பறிக்க ஆரம்பித்துவிட்டால் டிரெய்லர் வேண்டும். இதைக் கழற்றினால்தான் அதை மாட்ட முடியும். ஆகவே கார்த்திகை தொடங்கித் தை முடிகிற வரை மாட்டுவதும் கழற்றுவதுமாகவே போகும்.

கழற்றுவதற்குச் சமமான, கெட்டியான தரை வேண்டும். எங்கள் மலையில் அதற்கு எங்கே போவது? இருப்பது காப்பி காயப்போடும் சிமெண்டுக் களங்கள்தான். அதிலும் எங்கள் களம் மழைத் தண்ணீர் வடிந்து ஓடட்டும் என்று வாட்டம் வைத்துப் போட்டது. கொழுந்தனார் களம் நல்ல மட்டம். அதனால் பேக்ஹோ குடியிருப்பது அங்கே.

அதை மாட்டிக் காட்ட சேலத்திலிருந்து மெக்கானிக் வந்த அன்று நான் அடுப்படியில் இருந்தேன். கொழுந்தனார் ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர், அன்றைக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை. இரண்டு ஆள் வேண்டும் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். நான் பலகாரத் தட்டோடு வந்து பார்த்தால், என் ஓரகத்தி அந்தச் சீட்டின் மேல் மகாராணி மாதிரி உட்கார்ந்து லீவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். அன்றைக்கு ஆரம்பித்தது.

வேலை இப்படித்தான் நடக்கும். அவள் சீட்டில் இருந்து முட்டுக்காலையும் வாளியையும் தரையில் ஊன்றுவாள். பாரம் தரைக்கு இறங்கியதும் என் வீட்டுக்காரர் டிராக்டருக்கும் பேக்ஹோவுக்கும் நடுவில் மாட்டியிருக்கிற இரண்டு பின்களைப் பிடுங்க வேண்டும். ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமனுக்கு மேல் இருக்கும் இரும்பு. லேசில் வராது. லீவரை ஒரு மயிரிழை அசைத்தால் ஓட்டை நேராகும், பின் இளகும். அப்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால், நடுவில் கை இருந்தால், கை போய்விடும்.

அதனால் அவள் ஒவ்வொரு முறை அசைத்த பிறகும் எஞ்சினை அணைத்துவிடுவாள். இறங்கி வந்து சாவியைப் பிடுங்குவாள்.

"இருங்க மாமா. சாவிய வாங்கிட்டுக் கைய வெய்யுங்க."

"செரி அம்மிணி, குடு" என்று இவர் கையை நீட்டுவார். அவள் வைப்பாள். பின் வராவிட்டால் சாவி திரும்பப் போகும், எஞ்சின் ஓடும், அணையும், மறுபடி சாவி வரும். மேலே எங்கள் களத்தில் காப்பியைக் கிளறிக்கொண்டே நான் இதையெல்லாம் பார்ப்பேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தம்பி பெண்டாட்டி மூத்தவர் கையில் நேராக எதையும் கொடுக்க மாட்டாள். காப்பி டம்ளரைக்கூடத் திட்டில் வைத்துவிட்டு நகர்ந்து கொள்வாள். அவளும் அப்படித்தான், இன்றைக்கும். ஆனால் சாவி என்று வந்தால் மட்டும் உள்ளங்கையில் வைப்பாள். எண்ணெய் வழியும் மட்கார்டின் மேல் வைத்தால் என்னவாம், உருண்டா ஓடிவிடும்? தவிர, அவள் அவருக்கு 'அம்மிணி'. நான் வெறும் 'புள்ள'. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் கையிலிருந்து எதையாவது அப்படிக் காத்திருந்து வாங்கியிருக்கிறாரா? தட்டை வைத்தால் தின்பார், அவ்வளவுதான்.

சில நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். அவருக்கு அது தெரிந்ததா என்பதே சந்தேகம். கடைசியில் நானே வாயைத் திறந்தேன்.

"ஏனுங்க, இனிமே நம்ம களத்துலயே கழட்டுங்க. லீவர நான் புடிக்கறேன்."

"நம்ம களம் நொம்ப வாட்டமா இருக்குது புள்ள."

"அந்தூட்டுக்குப் போகாட்டி உங்களுக்கு ஆகாதாக்கும்?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "செரி, வா" என்றார்.

களம் முழுக்கக் காப்பி காய்ந்துகொண்டிருந்தது. அவசர அவசரமாகப் பலகையால் ஒரு பக்கம் ஒதுக்கினேன். அடியில் ஒரு பரப்பு அப்படியே கிடந்தது. கிடந்தால் கிடக்கட்டும், இரும்புக்கு என்ன குத்தவா போகிறது என்று விட்டுவிட்டேன். டிராக்டர் வந்து நின்றது. சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் கீழ்க் களம் தெரிந்தது. அவள் வெளியே வந்து என்னைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அவள் வரவே இல்லை.

முட்டுக்காலை இறக்கினேன், வாளியை ஊன்றினேன். நான் ஒன்றும் மக்கு இல்லை, பார்த்துப் பார்த்தே எனக்கு எல்லாம் பாடம். முதல் பின் வந்துவிட்டது. இரண்டாவது இறுகிக்கொண்டது. அவர் துண்டை எடுத்துப் பின்னின் தலையில் சுற்றி, கையை உள்ளே விட்டுப் பிடித்துக்கொண்டார்.

"லேசா அசை புள்ள."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சாவி கேட்கவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. எங்கள் மலைச்சாமி சேர்வராயன் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பயம் வரவில்லை, சந்தோஷம் வந்தது. அவளிடம் சாவியை வாங்கித்தான் கையை வைக்கிறார், என்னிடம் ஒன்றுமே வாங்காமல் வைக்கிறார். கீழ்க் களத்தைப் பார்த்தபடி லீவரை அசைத்தேன்.

முட்டுக்காலுக்கு அடியில் காப்பிக்கொட்டை உருண்டது. கால் வாட்டத்தோடு வழுக்கியது. பேக்ஹோ முழுவதும் ஒரு உலுக்கு உலுக்கி, டிராக்டர் பக்கம் 'ணங்' என்று உட்கார்ந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் எண்ணெய்ப் பிசுக்கில் அவர் கை துண்டிலிருந்து நழுவி வெளியே வந்திருந்தது. துண்டு உள்ளேயே மாட்டிக்கொண்டது. இரண்டு இரும்புக்கும் நடுவில் அது காகிதம் மாதிரி நசுங்கியிருந்தது.

எஞ்சினை எப்படி அணைத்தேன், எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. அவர் கையைப் பிடித்து விரல் விரலாகத் தடவிப் பார்த்தேன். ஐந்தும் இருந்தது. அந்த மனுஷன் சிரித்தார். "துண்டு போச்சு" என்றார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அவகிட்ட சாவி வாங்கிட்டுத்தானே கைய வெக்கறீங்க? எங்கிட்ட ஏனுங்க வாங்கல?"

"அது அடுத்தூட்டுப் புள்ள. அது கையால ஒண்ணு ஆயிப்போச்சுன்னா காலத்துக்கும் அழுவும், பாவம். நீ நம்மூடுதானே. உங்கிட்ட என்னத்துக்குச் சாவி?"

"அப்ப நான் அழுவ மாட்டனாங்க?"

அவர் சிரிப்பு நின்றது. துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் திரும்பிப் போய்ச் சாவியைப் பிடுங்கி வந்து அவர் உள்ளங்கையில் அறைகிற மாதிரி வைத்தேன்.

மிச்ச வேலையைக் கீழ்க் களத்தில்தான் செய்தோம். பின்னைத் திரும்பச் செருகி, முட்டுக்காலையும் வாளியையும் தூக்கிக்கொண்டு, டிராக்டரை மெதுவாக இறக்கிக் கொண்டுபோனார். அதன் பிறகு எங்கள் களத்தில் அதைக் கழற்றியதே இல்லை. ஆனால் சீட்டில் உட்காருவது நான்தான். அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஓரகத்தி ஒரு வார்த்தை கேட்காமல் லீவரை விட்டுவிட்டாள். அவளுக்கு அதில் ஒன்றுமே இல்லை போலிருக்கிறது, அது வேறு எனக்கு எரிகிறது.

நசுங்கிய துண்டு இப்போது டிராக்டர் துடைக்கிற துணி. நடுவில் ஓட்டையோடு மட்கார்டில் கிடக்கிறது. எஞ்சினை அணைத்து இறங்கியதும் அவர் கையை நீட்டுகிறார், நான் சாவியை வைக்கிறேன். ஒரு தரம்கூடத் தவறுவதில்லை. இப்படிக் கை நீட்ட அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நான் இல்லை என்பதும் ஒவ்வொரு தரமும் ஞாபகத்துக்கு வந்து தொலைகிறது.

அப்போது அவள் காப்பி கொண்டுவந்து டம்ளரைத் திட்டில் வைத்துவிட்டு நகர்ந்து நின்றுகொண்டு கேட்பாள்.

"அக்கா, மாமாகிட்ட சாவி குடுத்தாச்சுங்களா?"

"குடுத்தாச்சு, குடுத்தாச்சு" என்பேன் நான்.