பாம்புக்கும் துடக்கு உண்டா?

எங்கள் வீட்டு முன்னறையில் சோபாவின் நீளத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதற்குள் ஒன்பது அடி மலைப்பாம்பு ஒன்று இருந்தது. பெட்டிக்கு வெளியே, கண்ணாடியோடு முதுகை ஒட்டிக்கொண்டு, ஒரு குட்டி வெள்ளை நாய் படுத்திருக்கும். இதைச் சொன்னால் இப்போது பிள்ளைகள் நம்புவதில்லை. தொண்ணூறுகளில் ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்கு வந்த பெரியவர்களும் நம்பவில்லை. வாசலில் ஒரு சப்பாத்தைக் கழற்றிவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்து, கழற்றியதைத் திரும்பக் கொழுவிக்கொண்டு போனவர்கள் உண்டு.

பாம்பு என்னுடையது இல்லை. மார்க்கம் என்ற ஊரில் நான் வேலை செய்த ஃபாக்ரறியில் எனக்குப் பக்கத்து மெஷினில் நின்ற வெள்ளைக்காரர் ஒருவருடையது. நாங்கள் பார்க்டேலை விட்டு ஸ்காபரோவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், விடியற்காலை ஷிஃப்டுக்குப் பஸ் கிடையாது. அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் சுற்றிக்கொண்டு வந்து என்னைத் தன் காரில் ஏற்றிப் போனார். பிறகு அவருக்கு அல்பேர்ட்டாவில் வேலை கிடைத்தது. மூன்று மாதம் பாம்பை வைத்திருக்க முடியுமா, அங்கே வீடு பார்த்ததும் வந்து எடுத்துப் போகிறேன் என்று கேட்டார். நான் அவருடைய காரில் இருந்த மணித்தியாலங்களை நினைத்தேன். ஓம் என்று தலையாட்டிவிட்டேன்.

அவர் அதைத் தலையணை உறை ஒன்றில் போட்டு, தோய்த்த உடுப்பு மூட்டையைக் கொண்டுவருவதுபோலக் கொண்டுவந்தார். என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று இரண்டு பக்கமும் எழுதிய கடதாசி ஒன்றும் தந்தார்.

என் மனைவி அன்று முழுவதும் குசினியை விட்டு வெளியே வரவில்லை. பின்னேரம் வந்து, பெட்டிக்கு ஆறடி தள்ளி நின்று பார்த்தாள்.

"இது நாகம் இல்லை, வெங்கிணாந்தி, மலைப்பாம்பு. விளக்குக் கொளுத்தத் தேவையில்லை. ஆனா அடிக்கவும் கூடாது, குளிருக்குள்ள துரத்தவும் கூடாது. உமக்கு ஏனப்பா உந்த வில்லங்கம்?"

எனக்கும் அதுதான் தெரியவில்லை.

எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது. அவள்தான் அந்தக் கடதாசியை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டியவள். ஒரு கிழமைக்குள் பாம்பு அவளுடையதாகிவிட்டது. சின்னவளுக்கு எட்டு வயது. நாய் அவளுடையது. பூனையளவு நாய்தான். பாம்புப் பெட்டிக்கு மேலே எப்போதும் சூடான லைற் ஒன்று எரிய வேண்டும் என்பதால், வீட்டிலே மிகவும் இளஞ்சூடான இடம் பெட்டியின் ஓரம். நாய் அதைக் கண்டுபிடித்துவிட்டது. உள்ளே இருப்பது என்ன என்பதை மட்டும் அது கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

பாம்புக்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறை சாப்பாடு. உறைய வைத்த முழு முயல் ஒன்று. அது பேஸ்மென்ற் ஃபிறீசரில், மூன்று பைகளுக்குள் சுற்றி, எங்கள் மீனுக்குக் கீழே இருக்கும். அந்த நாள் வந்தால் சின்னவள் நாயைத் தூக்கிக்கொண்டு மேல்மாடிக்குப் போய்க் கதவைச் சாத்துவாள். மூத்தவள் முயலைச் சுடுதண்ணீரில் இளக்கி, நீளமான இடுக்கியால் பிடித்து உள்ளே நீட்டுவாள். நான் பக்கத்தில் நிற்பேன். நின்று என்ன செய்தேன் என்று கேட்டால் ஒன்றும் செய்யவில்லை.

மூன்று மாதம் போயிற்று. அவர் வரவில்லை. அவர் தந்த ரெலிபோன் நம்பரில் வேறு யாரோ பேசினார்கள். மாசி மாதம், முயல் கொடுக்க வேண்டிய நாளுக்கு முதல் நாள், கொழும்பிலிருந்து ஒரு சொந்தக்காரர் ரெலிபோன் எடுத்தார். இடம்பெயர்ந்து வன்னியில் இருந்த என் அண்ணை காய்ச்சலில் இறந்துவிட்டார் என்றார். எனக்கு ஒரே ஒரு அண்ணை. நான் ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று என் பெட்டியைத் தன் சைக்கிளில் கட்டி, பஸ் வரைக்கும் உருட்டிக்கொண்டு வந்தவர். நான் அவரைக் கண்டு ஒன்பது வருசம் ஆகியிருந்தது.

என்றைக்கு என்று கேட்டேன். போன செவ்வாய் என்றார். பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி, இல்லை, அதற்கு முந்தின செவ்வாய் என்று சொன்னது எனக்குக் கேட்டது. பிறகு லைன் அறுந்துவிட்டது.

இதை வாசிக்கிற பிள்ளைகளுக்குத் துடக்கு என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம். வீட்டில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை அந்தக் குடும்பத்துக்குத் துடக்கு, அதாவது தீட்டு. கோயிலுக்குப் போவதில்லை. வீட்டில் மச்சம் புழங்குவதில்லை. மச்சம் என்றால் மீன், இறைச்சி, முட்டை எல்லாம். கடல் தாண்டி இருந்தாலும் துடக்குத் துடக்குத்தான். ஆனால் அதை எந்த நாளிலிருந்து எண்ணுவது? இறந்த நாள் தெரியாது. நான் இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருவர் கேள்விப்பட்ட நாளிலிருந்து எண்ணச் சொன்னார். மற்றவர் இறந்த நாளிலிருந்து என்றார். பிறகு அவரே ரெலிபோன் எடுத்து, தான் சொன்னது சரியோ தெரியாது, ஐயரிடம் கேளுங்கோ என்றார். நான் கேள்விப்பட்ட நாளையே முதலாம் நாள் ஆக்கினேன். கூடினாலும் குறையக் கூடாது என்று நினைத்தேன்.

அண்ணையின் முகத்தைப் பார்க்கவில்லை. வாய்க்கரிசி போடவில்லை. அழுகைகூட வரவில்லை. அதுவும் எனக்கு விளங்கவில்லை. ஃபாக்ரறியில் மூன்று நாள் லீவு தந்தார்கள். மூன்று நாளும் நான் கதிரையில் இருந்து பாம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணைக்குச் செய்யக்கூடியதாக என்னிடம் மிஞ்சியிருந்தது அந்த முப்பத்தொரு நாட்கள் மட்டும்தான். அதையாவது பிழையில்லாமல் செய்ய வேண்டும் என்று இருந்தது.

மனைவி சட்டி பானைகளை எல்லாம் தேய்த்துக் கழுவினாள். முட்டைகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். மீனும் போயிற்று. நாயின் சாப்பாட்டு ரின்களில் மாட்டின் படம் இருந்தபடியால் அவை பின்வளவுக் கொட்டிலுக்குப் போயின. நாய்க்குச் சோறும் பருப்பும் வைத்தோம். அது தட்டை நக்கிவிட்டு இன்னும் கேட்டது. பின்னேரங்களில் அதன் வயிறு செய்த சத்தத்தைப் பற்றி எழுதத் தேவையில்லை. கடைசியாக, பைக்குள் இருந்த முயலும் கொட்டிலுக்குப் போயிற்று. வெளியே இருந்த குளிருக்கு ஃபிறீசர் தேவைப்படவில்லை.

மூத்தவள் கேட்டாள். "அப்பா, பாம்புக்கும் துடக்கோ?"

"இந்த வீட்டுக்கை இருக்கிற எல்லாருக்கும்தான்."

"பெரியப்பா எங்களுக்குத்தானே பெரியப்பா. பாம்புக்கு அவர் என்ன முறை?"

வாய்காட்டாதே என்று சொன்னேன். பதில் தெரியாதபோது அப்பாமார் சொல்வது அதுதான்.

முதல் இரண்டு கிழமை பாம்பு சும்மா கிடந்தது. பிறகு பெட்டிக்குள் ஊரத் தொடங்கியது. நாய் நடந்தால், அதன் தலையும் உள்ளே அதே பக்கம் நகரும். நாய் நின்றால் நிற்கும். மூத்தவள் கடதாசியை எடுத்து மறுபடியும் வாசித்தாள். இரண்டு கிழமைக்கு மேல் பட்டினி போட்டால் கையை உள்ளே விடாதீர்கள், சூடாக எது அசைந்தாலும் பாயும் என்று அதில் இருந்தது. செல்லப்பிராணிகள் கடை ஒன்றுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய் விசாரித்தேன். பாம்பு சாகாது, மாதக்கணக்கில் தாங்கும் என்று கடைக்காரர் சொன்னார். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் வீட்டில் சின்ன நாய் இருக்கிறது என்று மூத்தவள் சொன்னதும் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்த மூடியைப் பூட்டி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

மூடிக்கு மேல் இரண்டு பெரிய அரிசி மூட்டைகளை வைத்தேன். சின்னவள் நாயை இறக்கி விடுவதை நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடம் போகும்போது தன் அறையில் பூட்டிவிட்டுப் போவாள். வந்ததும் தூக்கிக்கொண்டு திரிவாள். சாப்பிடும்போதும் மடியில் வைத்திருப்பாள். தாய் ஏசினால் இன்னும் இறுக்கிப் பிடிப்பாள். ஒரு பக்கத்தில் பிள்ளையும் நாயும், மற்றப் பக்கத்தில் அண்ணை. எட்டு நாள் தள்ளினால் போதும், எட்டு நாள்தானே, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இருபத்துமூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை பின்னேரம், நான் வேலையால் வந்து கதவைத் திறந்தபோது, நாய் சின்னவளின் கையிலிருந்து துள்ளிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தது. பெட்டியைத் தாண்டும்போது உள்ளேயிருந்து பாம்பு பாய்ந்தது. யாரோ கதவில் குத்தியதுபோல ஒரு சத்தம். அரிசி மூட்டை ஒன்று சரிந்து நிலத்தில் விழுந்தது. கண்ணாடியில் இரத்தம், பாம்பின் மூக்கு உடைந்து வந்த இரத்தம். நாயோ அதை விளையாட்டு என்று நினைத்துக் கண்ணாடிக்கு முன்னால் நின்று வாலை ஆட்டியது.

சின்னவள் அதை வாரித் தூக்கினாள். அவள் அழவில்லை.

"அப்பா, உங்கட முப்பத்தொண்டு முடியிறதுக்குள்ள என்ர நாய் முடிஞ்சிடும்."

நான் சப்பாத்தோடு அப்படியே நின்றேன். முயலைக் கொடுத்தால் அண்ணைக்குச் செய்த அந்த ஒன்றும் உடையும். கொடுக்காவிட்டால் இது. எது பெரிய பாவம் என்று கேட்கலாம் என்றால், கேட்பதற்கு மூத்தவர் என்று எனக்கு இருந்த ஒரே ஆள் அண்ணைதான்.

அன்று இரவு சாப்பிடும்போது மனைவிதான் சொன்னாள். "வீட்டுக்கைதானே மச்சம் வரக்கூடாது. வான் வீடில்லையே."

எங்களிடம் ஒரு பழைய வான் வண்டி இருந்தது. வான் வீட்டில் சேர்த்தியா இல்லையா என்று நான் யோசித்தேன். எங்கள் வளவுக்குள்தான் நிற்கிறது. ஆனால் அதில் யாரும் சமைப்பதில்லை. அப்படியென்றால் றோட்டில் விட்டுவிடுகிறேன் என்றேன்.

சனிக்கிழமை காலை வானைத் தெருவில் நிறுத்தி, ஹீற்றரைப் போட்டு, பின் இருக்கையைக் கழற்றினேன். பிறகு நானும் மூத்தவளும் பனிக்கால ஜக்கெற், தொப்பி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு முன்னறையில் பெட்டிக்கு முன்னால் நின்றோம். மூத்தவள் தடித்த துவாய் ஒன்றைப் பாம்பின் தலைக்கு மேல் போட்டாள். தலை மூடியதும் அது அடங்கிவிட்டது. ஆளுக்கு ஒரு பாதியைத் தூக்கி, பெரிய பிளாஸ்ரிக் தொட்டி ஒன்றில் இறக்கி, மூடிக் கொண்டுபோனோம். பக்கத்து வீட்டுக்காரர் பனி அள்ளிக்கொண்டு நின்றார். குட் மோர்னிங் சொன்னார். நானும் சொன்னேன்.

கொட்டிலில் இருந்த முயலை வானிலேயே, வாளிச் சுடுதண்ணீரில் வைத்து இளக்கினோம். மூன்று வாளி பிடித்தது. மூத்தவள் இடுக்கியால் நீட்டினாள். நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் முயல் பாம்பின் சுருளுக்குள் இருந்தது. அது விழுங்கத் தொடங்கியதும் மூத்தவளை உள்ளே அனுப்பினேன். ஒன்றையும் தொடாமல் நேரே போய்த் தலைமுழுகித் தோயச் சொன்னேன்.

பிறகு முன் இருக்கையில் தனியாக இருந்தேன். பின்னால் பாம்பு மிகவும் மெதுவாகச் சாப்பிட்டது. சத்தமே இல்லை. அரை மணித்தியாலம் போனதும் மனைவி ஒரு தட்டில் சோறும் பருப்பும் கீரையும் கொண்டுவந்து, பக்கத்து இருக்கையில் ஏறி இருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் பாம்புக்கும் முயலுக்கும் முன்னால் இருந்து சாப்பிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டாள்.

"அத்தான் இருந்தா இதுக்கு என்ன சொல்லியிருப்பார்?"

என் அண்ணையை அவள் அத்தான் என்றுதான் சொல்வாள். நான் யோசித்தேன். சிரித்திருப்பார் என்று வாயில் வந்தது. ஏசியிருப்பார் என்றும் வந்தது. அவருடைய குரலில் ஒரு வசனத்தை நினைத்துப் பார்க்க முயன்றேன். குரல் வந்தது. வசனம் வரவில்லை.

"தெரியேல்லை," என்றேன். "ஒன்பது வருசமாச்சு. அவர் இப்ப எப்பிடி ஆள் எண்டு எனக்குத் தெரியேல்லை."

அப்போதுதான் அழுகை வந்தது. தட்டு மடியில் இருந்தது. அவள் அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். 

முயலின் பின்னங்கால்களும் உள்ளே போனபிறகு அடுத்த சிக்கல் வந்தது. மச்சம் இப்போது பாம்பின் வயிற்றில் இருக்கிறது. பாம்பு வீட்டுக்குள் போக வேண்டும். அப்படியென்றால் மச்சமும் வீட்டுக்குள் போகிறதா? செமிக்க நாலைந்து நாள் எடுக்கும். அதுவரை வானில் வைத்திருக்க முடியாது, விறைத்துப் போகும். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் முதல்முறையாகத் திரும்பி, தொட்டிக்குள் வீங்கிக் கிடந்ததை நேரே பார்த்தாள்.

"மச்சம் திண்ட ஆக்கள் என்ன செய்யிறவை? தோய்ஞ்சிட்டுத்தானே உள்ளுக்கு வருவினம்?"

உள்ளே போய் ஒரு செம்பில் இளஞ்சூட்டு மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்தாள். வேப்பிலைக்கு அந்த ஊரில் எங்கே போவது? கையாலேயே தெளித்தாள். முதலில் பாம்புக்கு மூன்று தரம். பிறகு எனக்கு. பிறகு வானின் உள்பக்கம் எல்லாம். பாம்பு அசையவில்லை. அதன் உடைந்த மூக்கில் மஞ்சள் ஒட்டிக்கொண்டது.

சரியாகச் செய்தோமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பிறகு ஐயரிடமும் கேட்கவில்லை. அவர் பிழை என்று சொல்லியிருந்தால் என்ன செய்வது?

தொட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தோம். சின்னவள் படிக்கட்டில், நாயை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்தபடி, இருந்த இடத்திலேயே இருந்தாள். பாம்பைப் பெட்டியில் இறக்கி, மூடியைப் போட்டு, அரிசி மூட்டைகளை ஏற்றி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைக் கேட்டாள்.

"இனி இவனை இறக்கி விடலாமோ?"

நான் பாம்பைப் பார்த்தேன். அது ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது. நாயின் பக்கம் திரும்பவில்லை.

"விடு பிள்ளை," என்றேன்.

அவள் உடனே விடவில்லை. முதலில் முன்னங்கால் இரண்டையும் நிலத்தில் வைத்தாள். கொஞ்சம் பொறுத்துப் பின்னங்கால்களையும் வைத்தாள். கையை எடுத்தாள். நாய் நேரே பெட்டியடிக்குப் போய், முதுகைக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு படுத்தது.